சித்தூரும் சாவே ஆற்றின் தென்கரையும்: ஆள் அனுப்பிய இரு சீமைகள்

சித்தூர் என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது எல்லைப் போராட்டம். ம.பொ.சி., வேங்கடம் யாருக்கு என்ற வழக்கு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இங்கே வந்து திருப்பதி அங்கேயே தங்கிய கதை. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் போனது என்பதை இன்றும் விரல்விட்டுச் சொல்வோம். அந்தத் தாலுகாக்களின் ஆள்கள் எங்கே போனார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. அவர்களில் ஒரு பகுதியினர் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குப் போனார்கள். 1860 முதல் 1911 வரை அங்கே இறங்கிய 1,52,184 ஒப்பந்தக் கூலிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். மாகாணத்தில் அதிக ஆள் கொடுத்த மாவட்டங்களில் வட ஆற்காடு முன்வரிசையில் நின்றது. சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த 1911 வரை, அந்த வட ஆற்காட்டுக்குத் தலைமையிடமே சித்தூர்தான்.

அவர்கள் போய் இறங்கிய கரும்புக் காடுகளில் இன்னொரு கூட்டமும் இருந்தது. மொசாம்பிக்கின் தென்பகுதியிலிருந்து, சாவே ஆற்றுக்கும் டெலகோவா விரிகுடாவுக்கும் இடைப்பட்ட நிலத்திலிருந்து, பெரும்பாலும் கால்நடையாக வந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். நெட்டால் வெள்ளையர் அவர்களை ‘டோங்கா’ என்ற ஒரே பெயரில் அடக்கினார்கள், இங்கிருந்து போன தமிழரையும் தெலுங்கரையும் ‘மதராசி’ என்று அடக்கியதைப் போலவே. 1860-களிலும் 1870-களிலும் ஒரே முதலாளியிடம் இவ்விரு கூட்டங்களும் வேலை செய்தன. ஒருவரது சீமையை மற்றவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஆனால் இரண்டு சீமைகளின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றைப் படிக்கும்போது புரியாத வரி மற்றதைப் படிக்கும்போது புரிகிறது.

முதலில், ஆள் கிளம்புவதற்கு முன்னால் இருந்த நிலம். வட ஆற்காடு 1801-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்தது. சித்தூர்ப் பாளையக்காரர்கள் 1804, 1805-இல் ஒடுக்கப்பட்டார்கள். கார்வேட்டிநகரமும் காளாஸ்திரியும் புங்கனூரும் ஜமீன்களாக எஞ்சின. மற்ற நிலம் ரயத்துவாரிக்குள் வந்தது. மழை பொய்த்த ஆண்டிலும் பணமாகக் கட்டவேண்டிய வரி, ஊர்க் கூட்டுப் பொறுப்பிலிருந்து நழுவித் தூர்ந்துகொண்டிருந்த ஏரிகள், மணலாகக் கிடந்த பாலாறும் பொன்னையாறும் சுவர்ணமுகியும். வரி வசூலில் நடந்த சித்திரவதையை விசாரிக்க 1854-இல் சென்னை அரசே ஒரு கமிஷன் போடவேண்டி வந்தது. திருமலைக் கோயிலின் உபரி வருமானமும் 1843-இல் ஹாதிராம்ஜி மடத்திடம் நிர்வாகம் ஒப்படைக்கப்படும்வரை கம்பெனிக் கஜானாவுக்கே போயிற்று. வேங்கடவனையே வரிப் பட்டியலில் சேர்த்தவர்கள் புஞ்சைக்காரனை விட்டுவைப்பார்களா?

சாவே ஆற்றின் தெற்கே காலனி ஆட்சி பெயரளவில் பழையது. நடைமுறையில் மிகப் புதியது. போர்ச்சுகீசியர் கடற்கரையில் கோட்டை கட்டி நூற்றாண்டுகள் ஆகியிருந்தாலும், உள்நாட்டை ஆண்டது காஸா அரசு (பாலஸ்தீனத்தின் காஸாவோடு இதற்குத் தொடர்பில்லை). அதன் கடைசி மன்னன் குங்குன்யானா 1895 டிசம்பரில் சைமிட்டேயில் பிடிபட்டு, லிஸ்பன் வழியே அசோர்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டான். ஆனால் அந்தச் சீமையின் இளைஞர்கள் அதற்கு ஒரு தலைமுறைக்கும் முன்பே நெட்டாலின் கரும்புக்கும், பிறகு கிம்பர்லியின் வைரத்துக்கும் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பெண்வீட்டாருக்குத் தரவேண்டிய லொபோலோ என்னும் மணப்பொருள் முதலில் மாடாகவும் பிறகு இரும்பு மண்வெட்டியாகவும் இருந்து, கடைசியில் ஆங்கில சவரனாக மாறிவிட்டது. சவரன் வேண்டுமானால் கூலிக்குப் போகவேண்டும்.

இங்கே முதல் வேறுபாடு எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறது. சித்தூர்க்காரனைக் கப்பலுக்குத் தள்ளியது பெரும்பாலும் வறட்சியும் வரியும்தான். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆற்காடு மாவட்டம் கடுமையாக அடிவாங்கியது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 20 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881-இல் 18 லட்சம். பத்தாண்டு இயல்பாக வளர்ந்திருக்கவேண்டிய தொகை இரண்டு லட்சம் சுருங்கியது. காஸா நாட்டு இளைஞனோ தொடக்கத்தில் பசியால் மட்டும் போனவனல்ல. தன் சமூகத்தில் ஓர் ஆணாக நிற்கத் தேவையான பொருளைத் தேடிப் போனவன். வறுமை ஒரு சீமையில் புறப்பாட்டுக்கு முந்தியது. மற்றச் சீமையில், பின்னால் பார்க்கப்போவதுபோல, புறப்பாடே வறுமையைக் கட்டியெழுப்பியது.

ஆளை யார் அனுப்பினார்கள் என்ற கேள்வியில் இரண்டு அரசுகளின் முகமும் தெளிகிறது. இந்திய அரசு தன்னை நடுவராக வைத்துக்கொண்டது. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி, ஊர் ஊராகத் திரியும் ஆள்பிடிப்பவருக்கு உரிமச் சீட்டு, டிப்போவில் மருத்துவச் சோதனை, ‘சம்மதம்தானா?’ என்று நீதிபதி முன் ஒரு கேள்வி. 1883-இல் இதற்கெல்லாம் விரிவான சட்டமும் வந்தது. நெட்டாலில் ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்ந்து ஐந்தாம் ஆண்டு 14. பெண்ணுக்குப் பாதிக் கூலி. காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நெட்டால் எங்கே இருக்கிறது என்பதைத்தான் போகிறவருக்கு யாரும் சொல்லவில்லை.

போர்ச்சுகல் இந்த வேடத்தைப் போடவில்லை. 1886-இல் டிரான்ஸ்வாலின் விட்வாட்டர்ஸ்ராண்டில் (சுருக்கமாக ராண்டு) தங்கம் கண்டபின், ஆழமான, தரம் குறைந்த தாதுவைத் தோண்ட மலிவான ஆள் ஏராளமாகத் தேவைப்பட்டது. சுரங்க முதலாளிகள் 1900-இல் வெனேலா என்று மக்கள் வாயில் வழங்கிய கூட்டு ஆள்சேர்ப்பு நிறுவனத்தை அமைத்தார்கள். போர்ச்சுகீசிய அரசு 1901-இல் தற்காலிக உடன்பாடும் 1909-இல் முழு ஒப்பந்தமும் செய்துகொண்டது. ஆள் தருகிறேன்; தலைக்கு இவ்வளவு கட்டணம்; டிரான்ஸ்வாலின் சரக்குப் போக்குவரத்தில் ஏறத்தாழப் பாதி என் லொரென்சோ மார்க்கெஸ் துறைமுகம் வழியாகப் போகவேண்டும். இதுதான் பேரத்தின் சாரம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சுரங்கங்களின் ஆப்பிரிக்கத் தொழிலாளரில் பாதிக்கும் மேற்பட்டோர் மொசாம்பிக்கிலிருந்து வந்தவர்கள். இந்திய அரசு கூலியாள் ஏற்றுமதியைக் கண்காணித்தது, போர்ச்சுகல் அரசு அதிலேயே வாழ்ந்தது என்று சுருக்கிச் சொன்னால் பெரிய தவறில்லை.

இருப்புப்பாதையும் இரண்டு இடத்திலும் ஒரே திசையைத்தான் பார்த்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வட ஆற்காட்டின் வாலாஜா வரை ஓடியது. லொரென்சோ மார்க்கெஸிலிருந்து பிரிட்டோரியாவுக்கான பாதை 1895-இல் திறக்கப்பட்டது. முன்னது மாவட்டத்தின் தோலையும் தானியத்தையும் ஆளையும் துறைமுகத்துக்கு இறக்கியது. பின்னது துறைமுகத்தின் சரக்கைச் சுரங்கத்துக்கு ஏற்றியது, கூடவே ஆளையும். இரண்டு பாதைகளும் இடைப்பட்ட கிராமங்களை ஒன்றோடொன்று இணைக்கப் போடப்பட்டவை அல்ல. பஞ்ச காலத்தில் தானியம் ரயிலில் வந்ததும் உண்மை, விலை கூடிய இடத்துக்குத் தானியம் ரயிலில் போனதும் உண்மை.

ஊரில் இருந்த அடிமைத்தனத்தையும் தராசில் வைக்கவேண்டும். கப்பல் பட்டியல்களில் பறையர், பள்ளி என்று எழுதப்பட்ட வன்னியர், தெலுங்குச் சாதிகள் எனப் பலரும் வருகிறார்கள். அவர்களில் ஒடுக்கப்பட்டவர்களின் பங்கு கணிசமானது. கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்ட படியாளுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் என்பது ஒரு முடிவுத் தேதி உள்ள அடிமைத்தனம். ஊரில் இருந்ததற்கு அந்தத் தேதிகூடக் கிடையாது. மொசாம்பிக்கில் 1899-ஆம் ஆண்டுச் சட்டம் உழைப்பதை ஆப்பிரிக்கரின் கடமையாக்கி, உழைக்காதவரைப் பிடித்துக் கட்டாய வேலையில் போட வழி செய்தது. ஷிபாலு என்ற அந்தக் கட்டாய வேலையில் கூலி அற்பம், சவுக்கு தாராளம். ஜோகனஸ்பர்க் சுரங்கத்தில் இருப்பவனை ஷிபாலுக்காரர்கள் பிடிக்கமுடியாது. ஆகவே பலர் அதிலிருந்து தப்பவே சுரங்கத்துக்கு ஓடினார்கள். ஏமாற்றிப் பிடித்துப்போன கதையை மட்டும் சொன்னால் இந்த இரண்டு சீமைகளிலும் கிளம்பியவர்களின் சொந்தக் கணக்கு மறைந்துவிடும். விடுதலை என்று சொல்லிவிட்டாலும் சுரங்கத்தின் தூசி மறைந்துவிடும். இரண்டையும் ஒருசேரச் சொல்வதே நியாயம்.

திரும்பி வரும் விஷயத்தில் ஒப்பீடு இன்னும் சுவையானது. நெட்டால் வெள்ளையருக்கு இந்தியன் கூலியாக இருக்கும்வரை வேண்டும். ஒப்பந்தம் முடிந்து காய்கறி போட்டு விற்கும் சுதந்திர ஆளாக வேண்டாம். ஆகவே 1895-ஆம் ஆண்டுச் சட்டம், மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் ஊர் திரும்பாமலும் இருப்பவர் ஆண்டுக்கு 3 பவுண்டு கட்டவேண்டும் என்றது. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அதாவது ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஆண்டுக் கூலியில் நான்கு மாதத்துக்கும் மேல். பிறகு வளர்ந்த பிள்ளைகள் தலையிலும் இது ஏறியது. 1913-இல் காந்தி நடத்திய வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கைகளில் ஒன்று இந்த வரியை நீக்குவது. 1914-இல் அது நீங்கியது. மொசாம்பிக்கில் வரி வாசலிலேயே நின்றது. குடிசை வரியைப் பணமாகக் கட்டவேண்டும், பணம் ராண்டில்தான் கிடைக்கும். அங்கே கிளம்பச் சொன்னது வரி. திரும்பச் சொன்னது ஒப்பந்தம். 1928-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி கூலியில் ஒரு பங்கு நிறுத்திவைக்கப்பட்டு, தொழிலாளி ஊர் திரும்பிய பிறகே கொடுக்கப்பட்டது. பின்னாளில் அந்தத் தொகையைப் போர்ச்சுகல் தங்கமாக அரசு விலையில் வாங்கிச் சந்தை விலையில் விற்று இலாபம் பார்த்தது. தொழிலாளியின் கையில் விழுந்தது உள்ளூர் எஸ்குடோ.

ஆக, இரண்டு இடத்திலும் ‘திரும்பிப் போ’ என்று சொல்ல ஒரு கருவி இருந்தது. நெட்டாலில் அது தோற்றது. தங்கியவர்கள் பெருங்கூட்டமாகி, இன்று டர்பனைச் சுற்றி ஆறேழு தலைமுறை கண்டுவிட்டார்கள். மொசாம்பிக்கில் அது வென்றது. அப்பன் போய்த் திரும்பினான், மகன் போய்த் திரும்பினான், பேரனும் போனான். எந்தத் தலைமுறையும் ராண்டில் வேர்விடவில்லை.

பெண்களின் கணக்கு இதை விளக்குகிறது. இந்திய அரசு 100 ஆண்களுக்கு 40 பெண்கள் கப்பலில் ஏறவேண்டும் என்று விதித்திருந்தது. அந்த எண்ணை நிரப்ப ஆள்பிடிப்பவர்கள் செய்த அட்டூழியம் தனிக் கதை. ஆனாலும் அந்த விதியால்தான் நெட்டாலில் குடும்பம் உண்டானது. ராண்டில் சுரங்க முகாமுக்குள் தனி ஆண்கள் மட்டும். மனைவி மக்களுக்கு இடமில்லை. சாவேயின் தெற்கே உழுது விதைத்து, முதியவரையும் குழந்தையையும் நோயாளியையும் பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள். சுரங்கம் ஒற்றை ஆளுக்கான கூலியைக் கொடுத்தால் போதும். அடுத்த தொழிலாளியைப் பெற்று வளர்க்கும் செலவு கிராமத்தின் தலையில். கறுப்புச் சுரங்கத் தொழிலாளரின் உண்மைக் கூலி 1911-க்கும் 1969-க்கும் இடையே உயரவே இல்லை என்று பிரான்சிஸ் வில்சன் கணக்கிட்டுக் காட்டினார். அத்தனை காலம் அது உயராமல் நிற்க முடிந்ததற்கு அந்தப் பெண்களின் மண்வெட்டியும் ஒரு காரணம்.

‘எங்களுக்குத் தங்கச் சுரங்கம் இல்லையே’ என்று சித்தூர்க்காரர் சொல்லிவிட முடியாது. குப்பத்திலிருந்தும் பலமநேரிலிருந்தும் கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில் கோலார் தங்கவயல். ராண்டில் தங்கம் காண்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1880-இல், ஜான் டெய்லர் கம்பெனி அங்கே நுழைந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் ஒடுக்கப்பட்ட மக்கள் அங்கே குடியேறினார்கள். மைசூர் சமஸ்தானத்துக்குள் ஒரு தமிழ் ஊர் எழுந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, ராண்டின் ஆழத்தோடு போட்டியிட்டது. பாறை வெடிப்பும் நுரையீரலைக் கல்லாக்கும் சிலிக்கா நோயும் இரண்டுக்கும் பொது. கைரேகைகூடப் பொது. டிரான்ஸ்வாலில் ஆசியர்களைக் கைரேகையோடு பதிவு செய்ய வந்த சட்டத்தை 1907-இல் காந்தியும் தோழர்களும் எதிர்த்தார்கள். 1930-இல் தங்கவயல் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனால் தங்கவயல் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். லயன் வீடுகள் எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும் அவற்றில் குழந்தை பிறந்தது, பள்ளிக்கூடம் வந்தது, சங்கம் வந்தது, அம்பேத்கரியமும் பௌத்தமும் வந்தன. 2001-இல் சுரங்கம் மூடியபோது அந்த மக்களுக்குத் திரும்பிப் போக ஒரு கிராமம் இருக்கவில்லை. மொசாம்பிக்காரனுக்கு எப்போதும் கிராமம் இருந்தது; அந்தக் கிராமத்தில்தான் ஒன்றும் இருக்கவில்லை.

அளவுகளையும் மறக்கக்கூடாது. இந்தியா முழுவதிலிருந்தும் 51 ஆண்டுகளில் நெட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சம் சொச்சம். தெற்கு மொசாம்பிக் என்ற சிறு நிலப்பகுதியிலிருந்து, உச்ச காலத்தில், ஒரே நேரத்தில் சுரங்கங்களில் இருந்தவர்களே ஒரு லட்சம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மொரீஷியசுக்கும் போனவர்களைச் சேர்த்தாலும், 20 லட்சம் பேர் வாழ்ந்த வட ஆற்காட்டில் ஊரே காலியாகிவிடவில்லை. அங்கே நிலவரி, ஏரிகளின் சீரழிவு, நெசவின் வீழ்ச்சி, பஞ்சம் ஆகியவையே வளர்ச்சியை முடக்கின. ஆள் போனது அந்த முடக்கத்தின் விளைவு. தெற்கு மொசாம்பிக்கின் இன்ஹாம்பானேயிலும் காஸாவிலும் ஆண்கள் போனதே முடக்கம். உழவைப் பெருக்கவோ ஆலை வைக்கவோ அரசுக்குத் தேவை ஏற்படவில்லை. ஆளை அனுப்பினாலே வருமானம் வந்தது. 1975-இல் மொசாம்பிக் விடுதலை பெற்றபோது சுரங்கங்களில் அதன் மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இரண்டே ஆண்டில் தென்னாப்பிரிக்கா அந்த எண்ணைப் பாதிக்கும் கீழே குறைத்தது. சுதந்திர அரசின் முதல் நெருக்கடிகளில் ஒன்று அப்படி வெளியிலிருந்து வந்தது. இந்தியாவின் நெட்டால் கதையில் கதவை மூடியது இந்தப் பக்கம்: கோகலே 1910-இல் சட்டசபையில் எழுப்பிய தீர்மானத்தைத் தொடர்ந்து, 1911 ஜூலையோடு ஆள் அனுப்புவதை நிறுத்தியது இந்திய அரசுதான். ஆள் அனுப்பாமலும் பிழைக்க முடிந்த சீமையால்தான் அப்படி நிறுத்த முடியும்.

தாதாபாய் நவ்ரோஜி 1901-இல் இந்தியாவின் வறுமையை, செல்வம் வெளியே வடிவதாக எழுதினார். வால்டர் ராட்னி 1972-இல் ஐரோப்பா ஆப்பிரிக்காவைப் பின்தங்க வைத்த விதத்தை எழுதினார். நவ்ரோஜியின் கணக்கு சித்தூருக்கு நன்றாகப் பொருந்துகிறது. சாவேயின் தெற்குக்கு அது போதாது. அங்கே வெளியே வடிந்தது உழைக்கும் வயதே. அதைக் கிராமம் கிராமமாகப் பதிவு செய்தவர் ரூத் ஃபர்ஸ்ட். மபுட்டோ பல்கலைக்கழகத்தில் அவர் தலைமையில் மாணவர்களும் ஆய்வாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர்களில் தங்கி, பாட்டையும் பேட்டியையும் திரட்டினார்கள். 1982-இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் கையாள்கள் அனுப்பிய வெடிகுண்டுக் கடிதம் அவர் அறையிலேயே அவரைக் கொன்றது. அந்த ஆய்வு அடுத்த ஆண்டு நூலாக வந்தது.

பாட்டென்றதும் ஒரு கடைசி உறவு. வட ஆற்காட்டின் தெருக்கூத்து நெட்டாலின் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் போய், அங்கே ‘ஆறடி ஆட்டம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் பெற்று விடிய விடிய ஆடியது. திரௌபதி அம்மனும் தீமிதியும் கூடவே போயின. திருமலைக்கான புரட்டாசி விரதம் இன்றும் டர்பன் வீடுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. தெற்கு மொசாம்பிக்கின் சோப்பி மக்களின் திம்பிலா என்ற மரச்சட்ட வாத்தியக் குழு சுரங்க முகாம்களுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் முற்றத்தில் முழங்கியது. வரியையும் அதிகாரிகளையும் கேலி செய்யும் பாடல்கள் அதில் உண்டு. கூத்து போன இடத்தில் தங்கிவிட்டது. திம்பிலா போய்ப் போய் ஊர் திரும்பியது. ஆள்கள் போன வழியையே ஆட்டமும் பிடித்திருக்கிறது.

மொசாம்பிக்கில் ரூத் ஃபர்ஸ்ட் கிராமம் கிராமமாகச் செய்த வேலை சித்தூரில் இன்னும் நடக்கவில்லை. நெட்டாலின் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கக் குடும்பங்கள் அவற்றைக் கொண்டு தங்கள் ஊரைத் தேடி வருகின்றன. ஆங்கில எழுத்துப் பிழைகளுக்கிடையே ஊர்ப் பெயரை அடையாளம் காணமுடியாமல் திரும்புகிறவர்களும் உண்டு. திருப்பதியில் 1954 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் தெரிந்த மாணவர்கள் சித்தூரிலும் சந்திரகிரியிலும் வேலூரிலும் ஏராளம். அந்தப் பட்டியலின் கிராமங்களை இன்றைய வருவாய்க் கிராமங்களோடு பொருத்தும் பணியை அவர்கள் கையிலெடுக்க வேண்டும். எல்லையின் இரு பக்கத்தாரும் சேர்ந்து செய்தால்தான் அது முடியும். பட்டியல் எழுதப்பட்ட காலத்தில் அந்த எல்லை இல்லை.